கொழுந்தும் காற்றும் கனலும்: தேயிலை உலர்த்தலிற் கணிதம் புகுந்த வரலாறு

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை என எத்திசை நோக்கிச் சென்றாலும், தேயிலைச் சரிவுகளின் நடுவே தகரக் கூரை வேய்ந்த நெடிய கட்டடங்கள் தோன்றக் காணலாம். மூன்று மாடி, நான்கு மாடி உயர்ந்து, ஒவ்வொரு மாடியிலும் இடைவெளியின்றிச் சாளரங்கள் நிரைத்து நிற்கும் அக்கட்டடங்களை முதன்முறை காண்பவர், இத்தனை சாளரங்கள் எதற்கென வியப்பர். வெளிச்சத்துக்காக அன்று, காற்றுக்காகவே அவை அமைக்கப்பட்டன. பறித்த கொழுந்தைச் சாக்குத்துணித் தட்டுகளிற் பரப்பி, மலைக்காற்றை உள்ளே விட்டு வாட்டுவதற்கென்றே அம்மேல்மாடிகள் எழுந்தன. தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை, சுருங்கக் கூறின், காற்றையும் கனலையும் ஆளுதற்குக் கட்டிய வீடாகும்.

அக்காற்று எவ்வளவு வேண்டும், அதன் வெப்பம் யாது, எத்துணை நேரம் அது கொழுந்தின்மீது பட வேண்டும் என்பனவே அவ்வீட்டில் நாள்தோறும் எழும் வினாக்கள். தொடக்கத்தில் அவற்றுக்குக் கையும் மூக்கும் விடை கூறின. பின்னர் வெப்பமானி கூறியது. இன்று, காற்றோட்டத்தைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் சமன்பாடு தீர்க்கும் கணனியும் விடை கூற முற்படுகின்றது. இவ்விடைகளுக்கிடையே ஒன்றரை நூற்றாண்டு வரலாறு கிடக்கின்றது. அது ஹட்டனில் மட்டும் நிகழ்ந்ததன்று. பெல்பாஸ்ற், கோற்றிங்கன், இலண்டன், பேராதனை முதலிய இடங்களையும் தொட்டுச் செல்வது.

வினா சிறிதெனத் தோன்றலாம். கணக்கிட்டால் அதன் பெருமை விளங்கும். ஆயிரம் கிலோகிராம் பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 78 பங்கு நீர் உளதெனக் கொள்க. உலர்ந்த பொருள் 220 கிலோகிராம் மாத்திரமே. வாட்டலின் முடிவில் ஈரம் நூற்றுக்கு 55 பங்காகக் குறையின், கொழுந்தின் நிறை ஏறத்தாழ 489 கிலோகிராம். அஃதாவது 511 கிலோகிராம் நீர் காற்றோடு போயிற்று. பின்னர் உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்தியில் ஈரத்தை நூற்றுக்கு 3 பங்காக்கினால், எஞ்சுவது 227 கிலோகிராம் தேயிலை. உலர்த்தியில் நீங்கிய நீர் 262 கிலோகிராம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 2.4 மெகாயூல் வெப்பம் வேண்டும். ஆகவே 630 மெகாயூல் போதும். காற்றில் உலர்ந்த விறகு 45 கிலோகிராம் அவ்வளவு வெப்பத்தைத் தரவல்லது. ஆனால் நடைமுறையில் எரிவதோ இதைப்போலப் பல மடங்கு. எஞ்சிய வெப்பம் புகைபோக்கி வழியாகவும், உலையின் சுவர் வழியாகவும், பயன்படாது வெளியேறும் சூடான காற்று வழியாகவும் மலைக்கே திரும்புகின்றது. கோப்பிக் காலத்தில் ஒருமுறை வெட்டுண்ட மலைக்காடு, தேயிலைக் காலத்தில் உலைகளுக்காகவும் வெட்டுண்டது. இன்று தோட்டங்களின் ஓரத்தே நிற்கும் யூகலிப்டஸ் மரங்களுட் பல உலைக்கென்றே நாட்டப்பட்டவை. காற்றோட்டத்தின் கணக்குப் பிழைத்தால் அதற்கு ஈடு கொடுப்பது காடு.

ஈடு அதனோடு முடிவதன்று. வெப்பம் மிகுந்து விரைவில் உலர்ந்தால், துணுக்கின் புறத்தோல் இறுகிவிடும்; உள்ளீரம் வெளியேற வழியின்றி அடைபடும். புறத்தே தொட்டால் உலர்ந்ததெனத் தோன்றும் அத்தேயிலை, பெட்டியினுள் இருந்து கெடும். வெப்பம் குறைந்தால் நொதித்தல் நில்லாது. கொழுந்து தன் ஈரத்திலேயே வெந்து சுவை கெடும். உலர்த்தியை விட்டு வெளியேறும் காற்று 50 பாகை செல்சியசை ஒட்டி இருத்தல் வேண்டுமெனத் தேயிலை தயாரிப்போர் கண்டிப்பது இதனாலேயாம். காலை முதல் மலையேறிக் கூடை நிரப்பிய பெண்களின் ஒருநாள் உழைப்பு முழுவதும் அந்தச் சில பாகைகளின் இடையே தொங்குகின்றது.

இலங்கையிற் பெருந்தோட்ட முறையிலே தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் அவர் தொடங்கிய முயற்சியே, 1869இற் புகுந்த இலைநோயாற் கோப்பி அழிந்த பின்னர், மலைநாடு முழுவதையும் மாற்றிற்று. அவருடைய முதல் ‘தொழிற்சாலை’ அவர் குடியிருந்த வீட்டின் விறாந்தையே. கொழுந்தை மேசைமீது வைத்துக் கையால் உருட்டினர். கம்பித் தட்டுகளிற் பரப்பிக் களிமண் அடுப்பில் மரக்கரித் தணலின்மீது காய்ச்சினர். அம்முறையிலே காற்றுக்குத் தனி இடம் இல்லை. தணலின் சூட்டால் மேலெழும் காற்றே கொழுந்தினூடு சென்றது. தணலைக் கிளறுவதும் சாம்பலால் மூடுவதுமே அதனை ஆளும் வழிகள். 1884இல் இருப்புப்பாதை ஹட்டனை அடைந்து, அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கு நீண்டதும், கனத்த இயந்திரங்கள் மலையேறத் தொடங்கின. தணலடுப்புகளின் காலம் முடிந்தது.

அவ்வியந்திரங்களுள் முதன்மை பெற்றது ‘சிறொக்கோ’. சகாராப் பாலைநிலத்திலிருந்து மத்தியதரைக் கடல் கடந்து வீசும் வெங்காற்றின் பெயரைத் தன் உலர்த்திக்கு இட்டவர் சாமுவேல் டேவிட்சன். பெல்பாஸ்ற் நகரத்தவரான அவர் 1864இல், இளைஞராக, அசாமின் கச்சார்ப் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குச் சென்றார். மரக்கரிப் புகையிலே கொழுந்து காய்வதைக் கண்டு மனம் ஒப்பாது, நெருப்பையும் காற்றையும் பிரிக்கும் வழியை ஆராய்ந்தார். உலையில் எரியும் நெருப்பு இரும்புக் குழாய்களைச் சூடாக்கும்; குழாய்களைத் தழுவிச் செல்லும் தூய காற்று அச்சூட்டை ஏற்றுக் கொழுந்திடம் செல்லும்; புகை ஒருபோதும் கொழுந்தைத் தீண்டாது. 1870களில் உருப்பெற்ற இக்கருத்தே இன்றுவரை பெரும்பாலான தேயிலை உலர்த்திகளுக்கு அடிப்படை. 1881இல் அவர் பெல்பாஸ்றில் நிறுவிய சிறொக்கோப் பொறித்தொழிற்சாலை உலகெங்கும் உலர்த்திகளை அனுப்பிற்று. முதற் சிறொக்கோவிலே சூடான காற்று தானாக மேலெழுந்தது. அவ்வோட்டம் மெல்லியது, காலநிலையைச் சார்ந்தது. காற்றை வலிந்து செலுத்த வேண்டுமென உணர்ந்த டேவிட்சன் விசிறிகளை ஆராயத் தொடங்கினார். 1890களின் இறுதியில் அவர் அமைத்த, முன்னோக்கி வளைந்த பல சிறு அலகுகளையுடைய மையநீக்க விசிறி, தேயிலையை விட்டுச் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் பரவிற்று. கொழுந்து உலர்த்தப் பிறந்த விசிறியொன்று கடற்படைக் கப்பலின் கொதிகலனுக்குக் காற்றூட்டியதை, தேயிலையின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பதில்லை.

இயந்திரத்தைப் படைத்தவரின் பெயர் இரும்பிலே வார்க்கப்பட்டு நின்றது. அதனை இயக்கியவரின் பெயர் எங்கும் இல்லை. இரவிலே உலைவாயைத் திறந்து, ஈரவிறகையும் காய்ந்த விறகையும் கலந்து இட்டு, நெருப்பின் நிறத்தைக் கண்டு காற்றுக்கதவை ஒரு விரற்கடை திறப்பதும் மூடுவதுமாக நின்ற தமிழ்த் தொழிலாளரின் அறிவு ஏட்டில் ஏறவில்லை. இயந்திரச் சக்கரத்தை ‘ரோதை’ எனக் கூறி, அதனைக் காக்கும் தெய்வமாக ரோதமுனியை வழிபடும் வழக்கம் அவர்களிடையே தோன்றியமை, அவ்வியந்திரத்தோடு அவர்கள் வாழ்ந்த நெருக்கத்தையும், அதற்கு அஞ்சிய அச்சத்தையும் ஒருங்கே காட்டும்.

டேவிட்சனின் விசிறி காற்றைத் தள்ளிற்று. ஆனால் தள்ளப்பட்ட காற்று உலர்த்தியினுள்ளே எவ்வழிச் செல்கின்றது, எங்கே சுழல்கின்றது, எங்கே தேங்குகின்றது என்பதை அவராலோ அக்காலத்து வேறெவராலோ கணித்துக் கூற முடியவில்லை. வியப்பு யாதெனில், அதற்குரிய சமன்பாடுகள் அவர் பிறக்கும் முன்னரே எழுதப்பட்டிருந்தமையாம். 1822இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் நேவியரும், 1845இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஸ்டோக்சும், பிசுக்குமையுடைய பாயியின் இயக்கத்தை ஆளும் வகையீட்டுச் சமன்பாடுகளைப் பெற்றனர். பாயியென்பது நீரும் காற்றும் போன்ற ஓடும் பொருள். அச்சமன்பாடுகள் கூறுவது நியூற்றனின் இயக்க விதியன்றி வேறன்று: பாயியின் ஒவ்வொரு சிறு துளியும் அமுக்கத்தாலும், பிசுக்குமையாலும், புவியீர்ப்பாலும் தள்ளப்பட்டு வேகம் மாறுகின்றது. எழுதுதல் எளிது, தீர்த்தல் அரிது. துளியின் வேகமே அத்துளியை வேறிடம் கொண்டுசெல்வதால், அறிய வேண்டிய வேகம் தன்னைத் தானே பெருக்கிச் சமன்பாட்டினுள் நிற்கின்றது. முப்பரிமாணத்தில் இச்சமன்பாடுகளுக்கு எஞ்ஞான்றும் ஒழுங்கான தீர்வு உண்டோ என்னும் வினாவுக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. விடை இன்னும் கிடைக்கவில்லை.

1883இல் மன்செஸ்ரரில் ஒஸ்போர்ண் றெனோல்ட்ஸ் செய்த பரிசோதனை அவ்வருமையின் காரணத்தைக் கண்ணுக்குக் காட்டிற்று. கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் சாயத்தை ஒரு நூல்போல விட்டார். ஓட்டம் மெதுவாயின் சாயநூல் நேராகச் சென்றது. வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் நூல் அறுந்து, சாயம் குழாயெங்கும் கலங்கிற்று. வேகம், குழாயின் விட்டம், பாயியின் அடர்த்தி, பிசுக்குமை ஆகிய நான்கும் சேர்ந்த ஓர் எண் அவ்வெல்லையைத் தீர்மானிக்கின்றது. அது ஏறத்தாழ 2000ஐக் கடக்குங்கால் ஓட்டம் கொந்தளிக்கத் தொடங்கும். தேயிலை உலர்த்தியின் காற்றுவழிகளில் அவ்வெண் அவ்வெல்லைக்கு மிக மேலானது. ஆகவே அங்கே காற்று ஓடுவதன்று, கொந்தளிப்பது. பெரிய சுழி சிறிய சுழியைப் பெற, அது மேலும் சிறியதைப் பெற, இறுதியிற் பிசுக்குமையால் அடங்கும் அச்சுழிகள் அனைத்தையும் கணிப்பதாயின், எடுக்க வேண்டிய புள்ளிகளின் தொகை றெனோல்ட்சு எண்ணின் ஒன்பதின் கீழ் நான்காம் அடுக்கிற்கு ஏற்ப வளரும். எண் பத்து மடங்காயின் புள்ளிகள் ஏறத்தாழ 178 மடங்காகும்.

சமன்பாட்டைச் சூத்திரத்தால் தீர்க்க இயலாதெனின், எண்களால் தீர்க்கலாகாதோ? இவ்வினாவைத் துணிந்து எழுப்பியவர் லூயிஸ் றிச்சார்ட்சன். முதலாம் உலகப்போரின்போது, கொலையிற் பங்குகொள்ள மறுத்த அவர், நண்பர் சபையினரின் மருத்துவ வண்டிப் படையிற் சேர்ந்து பிரான்சிலே காயம்பட்டோரை ஏற்றிச் சென்றார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம், வளிமண்டலத்தைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டங்களாக வகுத்து, 1910 மே 20ஆம் நாளின் வானிலையை ஆறு மணி நேரத்துக்கு முன்னோக்கிக் கணித்தார். கணிப்புக்கு ஆறு வாரம் சென்றது. வந்த விடையோ முற்றும் பிழை: அமுக்கம் ஏறத்தாழ மாறாதிருந்த இடத்தில் 145 மில்லிபார் உயருமெனக் கணக்குக் காட்டிற்று. 1917இல் நடந்த போரிடையே அக்கையெழுத்துப்படி தொலைந்து, பல மாதங்களின் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் கீழ்க் கண்டெடுக்கப்பட்டது. பிழையை மறையாது, முழுக்கணக்கையும் 1922இல் நூலாக வெளியிட்டார். வானிலையோடு போட்டியிட்டுக் கணிக்க 64,000 மனிதர் வேண்டுமென்றும் அதில் மதிப்பிட்டார். தொடக்க அளவுகளில் இருந்த சமனின்மையே அப்பிழைக்குக் காரணமெனப் பின்வந்தோர் கண்டனர். முறை பிழைக்கவில்லை. தன் தோல்வியை இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்த அறிஞர் அறிவியல் வரலாற்றில் மிகச் சிலரே.

கட்டங்களாக வகுத்துக் கணிக்குமிடத்து வேறோர் இடரும் உண்டென்பதை 1928இல் கோற்றிங்கனைச் சேர்ந்த கூரன்ற், பிறீட்றிக்ஸ், லூவி ஆகிய மூவர் காட்டினர். ஒருமுறை முன்னேறும் கால அளவு, கட்டத்தின் அகலத்துக்கு ஏற்பச் சிறிதாதல் வேண்டும். அலையொன்று அக்காலத்தில் ஒரு கட்டத்தைத் தாவிச் சென்றுவிடக்கூடாது. இவ்விதியை மீறிய கணக்கில் சிறு பிழைகள் ஒவ்வோர் அடியிலும் பெருகி, விடையை விழுங்கிவிடும். கணனி வந்த பின்னரும் இவ்விதி தளரவில்லை. கணனிக்கு முன்னர் அவ்வேலை எத்துணைக் கடியது என்பதற்குச் சப்பானியரான கவகுதியின் முயற்சி சான்று. உருளையொன்றைச் சுற்றிச் செல்லும் மெதுவான ஓட்டமொன்றை, மேசைக் கணிப்புப்பொறியால், வாரத்துக்கு 20 மணி நேரமாக ஒன்றரை ஆண்டு உழைத்து, அவர் 1953இல் வெளியிட்டார். அவ்வோட்டத்தின் றெனோல்ட்சு எண் வெறும் 40.

இலத்திரன் கணனி 1950இல் முதல் வானிலைக் கணிப்பைச் செய்தது. ஆயினும் தொழிற்சாலைக்குள் அடைபட்ட காற்றுக்கு வழி திறந்தது 1970களிலே, இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் இயந்திரப் பொறியியற் பிரிவில். அங்கே பிறையன் ஸ்போல்டிங் என்னும் பேராசிரியர், தகனமும் வெப்பமும் பாயியோட்டமும் வெவ்வேறு பாடங்களல்ல, ஒரே வகைச் சமன்பாட்டின் பல முகங்களே என்னும் கொள்கையோடு மாணவரைப் பயிற்றினார். அவருள் ஒருவர் பூனா நகரிற் பிறந்து, பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று சென்ற சுகாஸ் பதாங்கர். 1972இல் இருவரும் வெளியிட்ட முறை பெயரளவில் மட்டுமன்றிக் கருத்தளவிலும் எளியது. வேகத்தைக் கணிக்க அமுக்கம் தெரிதல் வேண்டும். அமுக்கத்துக்கோ தனிச் சமன்பாடு இல்லை. ஆகவே அமுக்கத்தை முதலில் ஊகித்துக்கொள்க. அதனால் வேகத்தைக் காண்க. ஒவ்வொரு கட்டத்திலும் புகும் திணிவும் வெளியேறும் திணிவும் சமனா எனச் சோதிக்க. சமனன்றெனின் அக்குறைக்கு ஏற்ப அமுக்கத்தைத் திருத்தி மீண்டும் தொடங்குக. கணக்கப்பிள்ளை செக்ரோலை ஒப்புநோக்கித் திருத்துவதை ஒத்தது இது. வரவும் செலவும் ஒவ்வாதவரை ஏடு மூடப்படுவதில்லை. சுழிகள் அனைத்தையும் கணிக்கும் ஆற்றல் இன்மையால், கொந்தளிப்பின் சக்தியையும் அது அழியும் வீதத்தையும் மட்டும் கணிக்கும் குறுக்கு வழியொன்றை லோண்டரும் ஸ்போல்டிங்கும் அதே காலத்தில் வகுத்தனர். 1980இல் பதாங்கர் எழுதிய பாடநூல், உலகெங்கும் பொறியியல் மாணவர் இவ்வித்தையிற் கால்வைக்கும் படியாக நெடுங்காலம் விளங்கிற்று.

காற்றைக் கணித்தலே இவ்வாறாயின், கனலைக் கணித்தல் அதனினும் அரிது. தாக்கத்தின் வேகம் வெப்பநிலையோடு அடுக்கேறி வளர்வதென்பதை 1889இல் அறேனியஸ் காட்டினார். ஆகவே வெப்பநிலையிற் செய்த சிறு பிழை தகனத்திற் பெரும் பிழையாகும். சுவாலையின் தடிப்போ பல இடங்களில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. உலையின் அகலம் மீற்றர்க் கணக்கு. ஒன்றைக் காணும் கட்டம் மற்றொன்றை அடக்காது. இயற்கை வாயுவின் எரிதலை விரித்துரைக்கும் புகழ்பெற்ற அட்டவணையொன்றில் 53 இரசாயன இனங்களும் 325 தாக்கங்களும் உள்ளன. விறகு அத்துணை ஒழுங்கானதும் அன்று. முதலில் ஈரம் வெளியேறும். பின்னர் ஆவியாகும் வாயுக்கள் பிரிந்து விறகின்மேல் எரியும். இறுதியிற் கரி தணலாகும். உலர்ந்த விறகின் பெரும்பகுதி வாயுவாகவே எரிவதால், மேலிருந்து புகுத்தும் காற்றுக் குறையின் அது எரியாமலே புகைபோக்கியேறும். உலை பார்த்த தொழிலாளி கரும்புகையைக் கண்டு காற்றுக்கதவைத் திறந்தது இந்த வாயுவுக்காகவே. அதன் பெயர் அவருக்குத் தெரியாதிருக்கலாம்.

இத்துறையில் ஈழத்தமிழர் ஒருவரின் பெயர் குறிக்கற்பாலது. தமிழிலக்கிய உலகிற் கவிஞராகவும் திறனாய்வாளராகவும் அறியப்பட்ட சி. சிவசேகரம், தொழிலாற் பேராதனைப் பல்கலைக்கழக இயந்திரப் பொறியியற் பேராசிரியராக இருந்தவர். காற்றாலைச் சுழலிகளை ஆராய்ந்த அவர், 1980களிலும் அதன் பின்னரும் இம்பீரியல் கல்லூரியில் வைற்லோ என்பாருடன் சேர்ந்து, அடைபட்ட சுவாலைகளில் எழும் அதிர்வுகளைப் பரிசோதனையால் ஆராய்ந்தார். அமுக்கம் உயரும் கணத்திலேயே வெப்பமும் வெளிப்படுமாயின் அதிர்வு வளருமென 1878இல் றேலி பிரபு கூறியிருந்தார். சுவாலை முழங்கி, சிலவேளை கலத்தையே சிதைக்கும் அவ்வதிர்வை அடக்கும் வழிகளை அவர்கள் தேடினர். ஸ்போல்டிங்கின் கணிப்புகளும் வைற்லோ குழுவின் அளவீடுகளும் ஒரே பிரிவின் கூரையின்கீழ் வளர்ந்தமை தற்செயலன்று. அளவீடு இன்றேல் கணிப்பின் மெய்யும் பொய்யும் பிரித்தறிய இயலாது.

மீண்டும் மலைநாட்டுக்கு வருவோர்க்கு, அளவீட்டின் வீடொன்று ஹட்டனுக்கு அணித்தாகவே உண்டு. கொட்டகலையைக் கடந்தால் தலவாக்கலை; அங்கே சென் கூம்ஸ் தோட்டத்தில், 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. சங்கிலியில் ஊரும் தட்டுகளிற் கொழுந்தைப் பரப்பிச் சுமார் 20 நிமிடம் காற்றூட்டும் பழைய உலர்த்திக்கு மாற்றாக, 1970களில் அந்நிலையம் வேறொரு வகை உலர்த்தியில் ஈடுபட்டது. துளைத்தட்டொன்றின்மீது தேயிலைத் துணுக்குகளை இட்டு, கீழிருந்து சூடான காற்றைச் செலுத்தினால், காற்றின் வேகம் ஓர் எல்லையை அடைந்ததும் துணுக்குகள் மிதந்து, கொதிக்கும் நீர்போல் அலையும். தட்டிலே திட்டுத்திட்டாகக் காய்வது அங்கில்லை. ஒவ்வொரு துணுக்கையும் காற்று எல்லாப் புறமும் தழுவும். இக்கருத்து 1920களில் ஜெர்மனியரான விங்கிளர் நிலக்கரியை வாயுவாக்கக் கையாண்டது. துணுக்குப் படுக்கையினூடு செல்லும் காற்றுக்கு எத்துணை அமுக்கம் வேண்டுமென்பதை 1952இல் ஏர்கன் ஒரு சமன்பாட்டாற் கூறினார். ஆயினும் தேயிலைத் துணுக்கு மணலுருண்டையன்று. நீண்டது, சுருண்டது, ஒட்டுந்தன்மையது. உலர உலர இலேசாவது. ஈரத்துணுக்கைத் தூக்கும் காற்று உலர்ந்ததைப் பறக்கடித்துவிடும். ஆகவே உலர்த்தியின் தொடக்கத்தில் ஒரு வேகமும் முடிவில் வேறு வேகமும் வேண்டும். 1999இல் மலாவி நாட்டுத் தேயிலை ஆராய்ச்சியிலிருந்து ரெம்பிள் என்பாரும், ஒல்லாந்தின் வாகனிங்கனைச் சேர்ந்த வான் பொக்ஸ்ரெலும், இத்தகைய உலர்த்தியிற் கறுப்புத் தேயிலை உலர்வதற்கு ஒரு கணித மாதிரியை அமைத்தனர். அதற்கு முன் அவர்கள் செய்தது, மெல்லிய படையாகப் பரப்பிய தேயிலை எவ்வெப்பத்தில் எவ்வேகத்தில் ஈரம் இழக்கின்றதென அளந்ததாம்.

உலர்த்தலுக்கு முந்திய வாட்டலுக்கும் கணிப்பு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், சாக்குத்துணித் தட்டுகளை நீக்கி, நீண்ட தொட்டிகள் புகுந்தன. தொட்டியின் கம்பிவலைமீது கொழுந்தைத் தடித்த படையாக இட்டு, விசிறியால் அடியிலிருந்து காற்றைச் செலுத்துவர். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஹட்டனின் காற்றே நீர் சுமந்தது. அக்காற்றுக் கொழுந்தின் ஈரத்தை ஏற்காது. ஆதலாற் சூடான காற்றைக் கலந்து அதன் தாகத்தை வளர்க்க வேண்டும். ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டும் காட்டும் வேறுபாடே அத்தாகத்தின் அளவு. அடிப்படையிற் புகும் காற்று ஈரத்தை ஏற்றுக் குளிர்ந்து மேற்படையை அடையும்போது தாகம் தணிந்திருக்கும். அடிக்கொழுந்து மிக வாட, மேற்கொழுந்து வாடாதிருக்கும்.

2011இல் போதேஜு, அமரதுங்க, அபேசிங்க ஆகிய இலங்கை ஆராய்ச்சியாளர் மூவர், இவ்வாட்டலை ஒரு பரிமாண வெப்ப, திணிவு இடமாற்றமாகக் கொண்டு, முடிவுள்ள வித்தியாச முறையாற் கணித்து, பேராதனைப் பட்டப்பின்படிப்பு விவசாய நிறுவகத்தின் ஆய்வேட்டில் வெளியிட்டனர். றிச்சார்ட்சன் வளிமண்டலத்துக்குச் செய்ததையே தொட்டியளவில் இம்முறை செய்கின்றது. கொழுந்துப் படையை மெல்லிய அடுக்குகளாகக் கற்பனையில் வெட்டிக்கொண்டு, முதல் அடுக்கினுட் புகும் காற்று எவ்வளவு ஈரம் ஏற்றது, எவ்வளவு வெப்பம் இழந்தது எனக் கணித்து, அக்காற்றையே இரண்டாம் அடுக்குக்கு அளித்து, இவ்வாறு மேல்வரை சென்று, பின்னர் காலத்திற் சிறிது முன்னேறி மீண்டும் அடியிலிருந்து தொடங்குதல். ஒரு தொட்டிக்கு இது எளிய கணக்கே. இக்காலத்து மேசைக்கணனி அதனைச் சில நொடிகளில் முடிக்கும். அரியது கணக்கினுள் இடும் எண்கள்: இவ்வுயரத்துக் கொழுந்து, இம்மழைக்காலத்தில் பறித்தது, இன்ன ஈரத்தில் எவ்வளவு இறுக்கமாக நீரைப் பற்றிநிற்கும் என்பது எந்தச் சமன்பாட்டிலும் இல்லை. தராசில் நிறுத்தே அறிதல் வேண்டும்.

உலையைப் பொறுத்தவரை, கணக்கு இன்னும் வாயிலிலேயே நிற்கின்றது எனலாம். மின்னாலைகளின் கொதிகலன்களும் வானூர்தி எஞ்சின்களும் நுண்ணிதாகக் கணிக்கப்படும் காலத்திலும், கையால் விறகிடும் தேயிலை உலைக்குத் தனிக் கணிப்புச் செய்வோர் அரியர். ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு பருமனும் ஈரமும் உடையது. உலைவாய் திறக்குந்தோறும் குளிர்காற்றுப் புகுந்து ஓட்டம் மாறும். டேவிட்சன் பிரித்துவைத்த புகையும் தூய காற்றும் இரும்புக் குழாயின் ஒரு சுவரால் மாத்திரமே பிரிந்து நிற்கின்றன. வெப்பத்தால் அக்குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தால், புகை கசிந்து அன்றைய தேயிலையில் ஏறும். உலர்த்தியின் வாயிலில் நின்று ஒரு பிடி சூடான தேயிலையை அள்ளி முகர்ந்து பார்ப்பவரே அதனை முதலில் அறிகின்றார்.